பூரணி ஏறாத லொறி

மாரியம்மன் துணை

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
பொகவந்தலாவை.
18.6.1961

அன்பு மகள் பூரணிக்கு அப்பா சோலைமலை எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் மழையோடு மழையாக நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியார் வேலாயி அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் உடனே எழுது, நேரில் வந்து என்னவென்று கேட்கிறேன்.

எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கோழி கிண்டியது மாதிரி இருந்தாலும் என் கையால் எழுதியதுதான். தை மாதம் வாதம் வந்து வலப்பக்கம் முழுவதையும் இழுத்துக்கொண்டபோது, இந்தக் கை இனிச் சோறுகூடப் பிசையாது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேசினார்கள். இப்போது அதே கையால் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கை திரும்பிவிட்டது, காலும் திரும்பிவிட்டது. வீட்டிலிருந்து தேயிலை ஸ்டோர் வரைக்கும் தடி இல்லாமல் நடந்து போய் வருகிறேன்.

ஒரே ஒரு குறை. வலது கால் முழங்காலுக்குக் கீழே மரத்தது மரத்தபடியே இருக்கிறது. பலம் இருக்கிறது, சுரணைதான் இல்லை. அதிலும் ஒரு லாபம் உண்டு. நேற்று ஓர் அட்டை வயிறு புடைக்கக் குடித்துவிட்டு உருண்டு விழுந்த பிறகுதான், ரத்தத்தைப் பார்த்து அம்மா கத்தினாள். எனக்குக் கடியும் தெரியவில்லை, அரிப்பும் தெரியவில்லை. “துள்ளாத ஆளா கெடச்சானேன்னு அட்டைக்குச் சந்தோசம்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. போன வாரம் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வலது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றதென்று எனக்கே தெரியாது. அம்மா வந்த வழியெல்லாம் தேடி வாய்க்காலோரம் கண்டெடுத்தாள். லயத்துப் பெண்களுக்கு ஒரு வாரத்துக்குக் கேலி பேச அது போதுமாக இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். நடக்கிறவனுக்குத்தானே செருப்பு கழலும்?

நான் விழுந்ததிலிருந்து லொறியைக் கீழ்ப்பிரிவுச் சின்னத்தம்பி ஓட்டுகிறான். நாலு பிள்ளை பெற்றவன், நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவன் கியர் போடுகிற சத்தம் உரலில் கல்லைப் போட்டு இடிக்கிற மாதிரி லயம் வரைக்கும் கேட்கிறது. கேட்கக் கேட்க எனக்குப் பல் கூசுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் உனக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை, பெற்றவர்கள் வந்து கூட்டிப்போவதுதான் மரியாதை. மற்றவர்களின் மகள்கள் பஸ்ஸில் நசுங்கி வருவார்கள். நீ அப்படி வரமாட்டாய். தோட்டத்துத் துரையிடம் கேட்டு, அட்டன் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய கையோடு லொறியை வட்டவளைக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். உன் மாமியார் வீட்டு வாசலில் நின்று ஹோர்ன் அடித்து உன்னை ஏற்றிக்கொண்டு வருவேன்.

அதை நினைத்துத்தான் தினமும் நடந்து பழகுகிறேன்.

உன் அப்பா,
சோலைமலை


வட்டவளை,
26.6.1961

அன்புள்ள அப்பாவுக்கு மகள் பூரணி எழுதிக்கொள்வது.

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் உறையைப் பிரிக்காமலே அத்தையிடம் ஓடிப்போய்க் காட்டினேன். “ஒங்கப்பா ஆளு சாமானியப்பட்டவர் இல்ல” என்றார்கள். இவருக்குக் கடையில் வேலை அதிகம், ஆனாலும் இரவு வந்ததும் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சுகம். வயிற்றில் இருக்கிறவர்தான் உங்களைப் போல ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்கிறார்.

எனக்கு ஒரு மனத்தாங்கல். இவ்வளவு பெரிய கடிதத்தில் அம்மாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? செருப்புத் தேடினாள், கத்தினாள். அம்மாவின் இருமல் விட்டதா? மழையில் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள்? அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுதுங்கள்.

அப்பா, நீங்கள் சிரிக்கச் சிரிக்க எழுதியதை வாசித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் ஒருக்களித்துப் படுத்து எழுந்தால் என் கையும் மரத்துப்போகிறது. முந்தாநாள் அப்படியே எழுந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினேன். பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், செம்பு கீழே கிடந்தது. எனக்குக் கையை உதறினால் சரியாகிவிடுகிறது. உங்களுக்குக் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அப்படித்தானே இருக்கும்? அடுப்புப் பக்கம் காலை நீட்டாதீர்கள். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலை அம்மாவிடம் காட்டுங்கள், முள்ளோ கண்ணாடியோ தைத்திருந்தால் உங்களுக்குத் தெரியாது.

லொறி ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து டாக்டர் ஐயா என்ன சொன்னார்? கால் மரத்திருப்பது அவருக்குத் தெரியுமா?

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பூரணி


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
16.7.1961

அன்பு மகள் பூரணிக்கு,

உன் அம்மா காளியாயிக்கு இருமல் விட்டுவிட்டது. மேல்மலையில் கொழுந்தெடுக்கிறாள். முன்போலவே என்னைத் திட்டுகிறாள். போதுமா?

இப்போது நல்ல செய்தி. ஆவணி பிறந்ததும் லொறி என் கைக்கு வருகிறது! டாக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன். அவர் கையைக் காலால் உதைத்துத் தள்ளச் சொன்னார், தள்ளினேன், மனுஷன் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். பலம் இருக்கிறதா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். “குத்துதா?” என்று ஒவ்வொரு தரமும் கேட்பார். குத்தினால் சொல்லவேண்டும், சும்மா இருந்தால் இல்லை என்று சொல்லவேண்டும். உன் அப்பனிடமா நடக்கும்? அவர் குத்துவதற்கு முன்னால் குனிவார், குனிந்தால் நாற்காலி கிரீச்சிடும். கிரீச்சென்றால் “ஆமாங்க”, சத்தமில்லாவிட்டால் “இல்லீங்க”. எல்லாமே சரியாகிவிட்டது. “உணர்ச்சி திரும்பிருச்சு சோலமல” என்று முதுகில் தட்டினார். இதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அவர் வெகுளி, நாலு பேரிடம் சொல்லிவிடுவார்.

துரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, “சோலமல, லொறி ஓட்ட முடியுமா?” என்று கேட்டார். “கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேங்க தொரை” என்றேன். சிரித்துவிட்டு, உன்னைக் கூட்டிவரவும் லொறி தருவதாகச் சொல்லிவிட்டார்.

நீ பயப்படுவாய் என்று தெரியும், அதனால் இதையும் எழுதுகிறேன். லொறி ஷெட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எப்போதும்போல வெறுங்கால்தான். செருப்புப் போட்டுக்கொண்டு லொறி ஓட்டுவது கையுறை போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கிற மாதிரி. வெறுங்காலில்தான் இரும்பு பேசும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது வலது காலில் அந்தப் பேச்சுக் கொஞ்சம் கேட்பதில்லை, அவ்வளவுதான். பிரேக்கா எக்ஸலேட்டரா என்று ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டால் சரியாகப் போய்விடுகிறது. பழகப் பழக அதுவும் தேவைப்படாது.

உனக்குப் புளிப்பு வேண்டுமென்றால் எழுது. அம்மா மாங்காய் உப்பில் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் அப்பா,
டிரைவர் சோலைமலை


வட்டவளை,
24.7.1961

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன எழுதினாலும் உங்களுக்குக் கோபம் வரும் என்பதால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் ஓட்டினால் நான் அந்த லொறியில் ஏறமாட்டேன்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் என்னை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து நோர்வூட் வரைக்கும் கூட்டிப்போவீர்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் உங்கள் கண் பாதையைவிட்டு அசைந்ததே இல்லை. நான் ஏதாவது காட்டி “அப்பா இங்க பாருங்க” என்றால்கூடத் திரும்பமாட்டீர்கள். அந்த அப்பா இன்று குனிந்து காலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதுகிறார். காலைப் பார்த்தால் பாதையை யார் பார்ப்பது? எதிரே பஸ் வருகிற வளைவில் குனிந்து பார்க்க நேரம் இருக்குமா?

டாக்டர் ஐயாவை ஏமாற்றிவிட்டீர்கள். துரையையும் ஏமாற்றிவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான். பிரேக்கை எப்படி அப்பா ஏமாற்றுவீர்கள்?

நான் யாருக்கும் எழுதிப்போடமாட்டேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. “மாமா ஓட்டுனா லொறி பூ மாதிரி போகும்” என்று ஆசையோடு காத்திருக்கிறார். உங்களை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன், ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு ஏறவும் மாட்டேன். உங்கள் லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அவர்களுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பூரணி


வெள்ளைப்பாறை,
30.7.1961

பூரணிக்கு,

கடிதம் கிடைத்தது.

இந்த மலையில் லொறிப் பாதை போட்ட நாளிலிருந்து நான் ஓட்டுகிறேன். ஒரு கோழிக் குஞ்சைக்கூட நசுக்கியதில்லை. பாதையில் மண் சரிந்து கிடந்த மழையில் பிரசவ வலியோடு துடித்த பெண்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். ஊர் நம்புகிறது, துரை நம்புகிறார், பெற்ற மகள் நம்பமாட்டாளாம்.

உன்னைக் கூட்டிவரப் போவதாக, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் கொண்டுபோகிற லொறியில் நீ ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு பதிலை நீயே எழுதி அனுப்பு.

பஸ்ஸில் வருவதானால் வா. வராவிட்டால் உன் இஷ்டம்.

சோலைமலை


வட்டவளை,
14.8.1961

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து வேறு கடிதம் வரும் என்று பார்த்தேன். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அத்தை என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வளைகாப்பு 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. நீங்களும் அம்மாவும் வராமல் எனக்கு வளையல் அடுக்கவேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் பஸ்ஸில் வாருங்கள், நான் உங்களோடு பஸ்ஸில் வருகிறேன். நிற்க இடமில்லாவிட்டாலும் வருகிறேன். ஊர் கேட்டால், எனக்கு லொறியில் குமட்டுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யை நான் சொல்கிறேன், நீங்கள் சும்மா இருந்தால் போதும்.

ஆனால் ஓட்டமாட்டேன் என்று நீங்கள் சொல்லும்வரை என் மனம் ஆறாது. நான் உங்களை நம்பாமல் இல்லை அப்பா. அந்தக் காலைத்தான் நம்பவில்லை.

ஒன்று கேட்கிறேன். என் கடிதங்களை அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். பிடித்ததை வாசித்துவிட்டுப் பிடிக்காததை விழுங்கிவிடுவீர்கள். இதை முழுக்க வாசியுங்கள், முந்தையதையும் வாசியுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
பூரணி


மாரியம்மன் துணை

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
பொகவந்தலாவை.
22.8.1961

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், பாதி இன்னும் இருக்கிறது. ஆனால் அது உன் மேல் இல்லை.

சனிக்கிழமை லொறிச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். திங்கட்கிழமை முதல் நான் ஓட்டவேண்டும். அன்றே உன் கடிதமும் வந்தது. சாவி கையில் இருக்கிற தைரியத்தில், வாசித்தால் என்ன வந்துவிடும் என்று இரண்டையும் முழுக்க அம்மாவுக்கு வாசித்தேன். நாற்காலி கிரீச்சிட்ட கதையையும் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, திட்டவேண்டிய இடத்தில் காளியாயி திட்டாவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். அவள் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, “அந்தப் பிரேக்குங்கிறது எது, வந்து காட்டுங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் லொறிக்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனேன். லொறி ஷெட்டில் நின்றது, எஞ்ஜினைப் போடவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கீழே நின்றாள். இது கிளச், இது பிரேக், இது எக்ஸலேட்டர் என்று காட்டினேன்.

“கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்னு தொரைகிட்ட சொன்னீங்களே, மூடுங்க” என்றாள். மூடினேன். “இப்ப பிரேக்க மிதிங்க.” மிதித்தேன். “அதுதானா?” “அதேதான்.” நிஜமாகவே அதேதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காலை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். மறுபடி மிதிக்கச் சொன்னாள், மிதித்தேன். மூன்றாவது தரம், “நோர்வூட் வளைவுல எதுக்க பஸ்ஸு வருது, நல்லா மிதிங்க” என்றாள். என் பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். “பிரேக்கத்தான் மிதிக்கிறீங்களா?” என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “பின்ன என்னத்தடி?” என்று இன்னும் அழுத்தினேன். “கண்ணத் தெறங்க” என்றாள்.

திறந்து குனிந்து பார்த்தேன். என் காலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் உன் அம்மாவின் கை இருந்தது.

நான் அலறிவிட்டேன். அவள் அலறவில்லை. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, “இம்புட்டு மிதிச்சும் ஒங்களுக்குத் தெரியலியா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். நான் அழுதேன் பூரணி. வாதம் வந்து வாய் கோணிக் கிடந்தபோதும் அழாதவன், லொறி ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். அடியில் இருப்பது இரும்பா, பெண்டாட்டி கையா என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. நீ சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். நீ கடிதத்தில் எழுதினாய், எழுதத் தெரியாதவள் கையை வைத்தாள்.

எலும்பு முறியவில்லை. இரண்டு விரல் வீங்கிக் கறுத்திருக்கிறது. டாக்டர் ஐயா கட்டுப்போட்டுக்கொண்டே எப்படி ஆனது என்று கேட்டார். “லொறிக் கதவுல மாட்டிக்கிச்சுங்க” என்று அவள் பொய் சொன்னாள். நான் விடவில்லை. “கதவு இல்லீங்க ஐயா, என் காலு. அதுக்குச் சொரணையே இல்லீங்க” என்று ஊசிக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சிவந்தார். பிறகு நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது இப்படியே நின்றுவிடுகிற மரப்பாக இருக்கலாம், பலம் வந்தவர்களுக்கெல்லாம் உணர்ச்சி திரும்பும் என்று சொல்லமுடியாது என்றார். சரி, நின்றுவிட்டுப் போகட்டும். அதோடு வாழ்ந்துகொள்வேன்.

நேற்றுக் காலை பெரட்டுக்களத்தில் எல்லோரும் நிற்கும்போது சாவியைச் சின்னத்தம்பி கையில் கொடுத்தேன். “என் காலு மரத்துப்போச்சு, பிரேக்கு தெரியல, இனிமே இவந்தான் ஓட்டுவான்” என்று என் வாயாலேயே சொன்னேன். நான் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. கியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன், அழுகை நின்றுவிட்டது.

துரையிடம் லொறியைப் பராமரிக்கிற வேலையைக் கேட்டிருக்கிறேன். எஞ்ஜினுக்கு என்ன கோளாறு என்று காதால் கேட்டுச் சொல்ல எனக்குக் கால் வேண்டியதில்லை. யோசிப்பதாகச் சொன்னார். கொடுப்பார். கொடுக்காவிட்டால் மறுபடியும் போய்க் கேட்பேன்.

வீட்டில் இன்னும் ஒரு வாரத்துக்கு ரொட்டி சுடப்போகிறவன் நான்தான். அடுப்பில் என் கால் படாமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் நான் ரொட்டி மாவை ஓங்கிப் பிசைகிறேன். அவளோ, இந்த வயதில் புருஷன் சுட்ட ரொட்டி தின்னக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் லொறியில் வருகிறோம். துரை கொடுத்த வாக்கை மாற்றவில்லை. அம்மாவின் கட்டைப் பார்த்ததும் அழுதுவிடாதே, வளையல் அடுக்கும்போது அழக்கூடாது. வரும்போதும் திரும்பும்போதும் சின்னத்தம்பிதான் ஓட்டுவான். முன் சீட்டில் நீயும் அம்மாவும் உட்காருங்கள். நான் பின்னால் தட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

பயமில்லாமல் ஏறு மகளே.

உன் அப்பா,
சோலைமலை